ஒரே காதில் இரண்டு தலைசுற்றல்: விழியசைவைக் கொண்டு நோயறிந்த ஒரு நிகழ்வு

பின்னணி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பலகாரம் செய்து விற்கும் வீடுகள் பல உண்டு. இந்த நிகழ்வுக்குரியவர் அத்தகைய ஒரு வீட்டின் பின்கட்டில், எண்ணெய்ச் சட்டியருகே நின்று தேன்குழலும் மணகோலமும் அதிரசமும் சுட்டெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்த 52 வயதுப் பெண்மணி. அவருக்கு 8 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை. இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தது. முன்பு ஒருமுறை தோள்வலிக்காக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டதால், கழுத்துப் பட்டை ஒன்று வீட்டில் இருந்தது. அந்தப் பட்டை இந்த வரலாற்றில் பின்னரும் வருகிறது.

அவருடைய இசைவுடன் இது எழுதப்படுகிறது. அவரையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

முதல் இரவு

தீபாவளிக்கு முந்தைய வாரம், வேலை மிகுந்திருந்த ஒரு நாளின் மாலையில், சட்டியருகே நின்றிருந்தவருக்குத் திடீரெனச் சுற்றுப்புறம் முழுவதும் சுழல்வதுபோலத் தோன்றியது. உடனிருந்தவர்கள் தாங்கிப் பிடித்ததால் எண்ணெயில் விழாமல் தப்பினார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை வாந்தி எடுத்தார். கண்ணை மூடினாலும் சுழற்சி நிற்கவில்லை, படுத்தாலும் நிற்கவில்லை. காதில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிய அண்டை வீட்டார், வலது காதில் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் விட்டனர்.

வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகனுக்கு நிலைமையைக் காட்டுவதற்காக, மருமகள் மாமியாரின் அருகில் அமர்ந்து, இருவர் முகமும் தெரியும்படி கைபேசியில் ஒரு காணொளிப் படம் எடுத்து அனுப்பினார். “அத்தைக்குக் கண்ணு நிலையா நிக்க மாட்டேங்குது, பாருங்க” என்று அவர் அதில் சொல்வது கேட்கிறது. நோயறியும் சான்றுகளில் ஒன்றாக அந்தப் படம் ஆகும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

இரவில் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் ஊசி போடப்பட்டது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, அதில் குறையொன்றும் இல்லை என்று தெரிவித்தனர். மறுநாள் காலை எங்களிடம் அழைத்து வந்தபோது, ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மூளையில் எதுவும் இல்லை என்று குடும்பத்தார் உறுதியாக நம்பினர். சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் ஏற்படும் இரத்த அடைப்பை முதல் நாளில் சி.டி. பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆகவே அந்த ஸ்கேன் இரத்தக் கசிவு இல்லை என்பதற்கு மட்டுமே சான்றாகும்; அடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

காலையில் கண்டவை

நோயாளி வலப்பக்கம் சாய்ந்தபடி இருந்தார். ஆனால் யாரும் பிடிக்காமல் உட்கார முடிந்தது. பேச்சில் குழறல் இல்லை. விழுங்குவதில் சிரமமோ, முகத்திலும் கைகால்களிலும் மரத்துப்போதலோ, இரட்டைப் பார்வையோ இல்லை. எண்ணெயைத் துடைத்தெடுத்த பின் பார்த்ததில் செவிப்பறை நன்றாக இருந்தது. காது மடலில் அக்கிக் கொப்புளங்கள் இல்லை. இரு காதுகளும் முன்போலவே கேட்டன. சர்க்கரை அளவு 290 மில்லிகிராம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் வெப்பத்திலிருந்து மாறுபட்ட நீரோ எண்ணெயோ காதுக்குள் சென்றால், அதுவே சிறிது நேரத்துக்கு விழிகளை ஆடச் செய்யும். இந்த விளைவை விளக்கி, அதை உட்செவிக்கான பரிசோதனையாக வளர்த்த ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அவ்விளைவு சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதால், முந்தைய இரவில் விட்ட எண்ணெய்க்கும் காலையில் நாங்கள் கண்டதற்கும் தொடர்பில்லை.

வெளிச்சமான அறையில் நேராகப் பார்க்கச் சொன்னபோது விழிகள் ஏறக்குறைய அசையாமல் இருந்தன. இடப்பக்கம் பார்க்கச் சொன்னபோது மட்டும் ஒரு சிறு ஆட்டம் தெரிந்தது: விழிகள் மெதுவாக வலப்பக்கம் நழுவி, சட்டென்று இடப்பக்கம் திரும்பின. விழியாட்டம் (நிஸ்டாக்மஸ்) எனப்படும் இந்த அசைவு, விரைவான வீச்சு எப்பக்கம் நோக்கியதோ அப்பக்கத்தின் பெயராலேயே குறிக்கப்படுகிறது. ஆகவே இது இடநோக்கு விழியாட்டம்.

அடுத்து, அறையை இருட்டாக்கி ஃப்ரென்சல் கண்ணாடியை அணிவித்தோம். மிகுந்த திறனுள்ள குவிவில்லைகளும் உள்ளே சிறு விளக்குகளும் கொண்ட இந்தக் கண்ணாடி வழியாக நோயாளியால் எதையும் உற்றுநோக்க முடியாது. நமக்கோ அவருடைய விழிகள் பெரிதாகத் தெரியும். அணிவித்த உடனே, வெளிச்சத்தில் மறைந்திருந்த ஆட்டம் எல்லாத் திசைகளிலும் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் பார்க்கையில் அது கூடியது, வலப்பக்கம் பார்க்கையில் குறைந்தது. ஆனால் எந்தப் பார்வையிலும் திசை மாறவில்லை. கிடைவாட்ட அசைவுடன், கருவிழியின் மேல்விளிம்பு இடது காதை நோக்கித் திருகும் அசைவும் கலந்திருந்தது.

இந்த வேறுபாடே பரிசோதனையின் முதல் தகவல். உட்செவியிலோ அதன் நரம்பிலோ பிறக்கும் விழியாட்டத்தை, ஒரு பொருளை உற்றுநோக்குவதன் மூலம் மூளையால் பெரிதும் அடக்கிவிட முடியும். சிறுமூளையிலிருந்து பிறக்கும் ஆட்டம் பெரும்பாலும் அவ்வாறு அடங்குவதில்லை. வெளிச்சத்தில் மட்டும் பார்த்து “விழியாட்டம் இல்லை” என்று எழுதப்படும் குறிப்புகளில் எத்தனை நம்பத்தக்கவை என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பிறகு மற்ற சோதனைகள். நோயாளியை என் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருடைய தலையைச் சட்டென்று, சிறு கோணத்தில் இடப்பக்கம் திருப்பியபோது, விழிகள் என் மூக்கிலேயே நிலைத்திருந்தன. வலப்பக்கம் திருப்பியபோது விழிகள் தலையுடன் சேர்ந்தே சென்றுவிட்டு, பின்னர் ஒரு தாவலில் மூக்குக்குத் திரும்பின. ஹால்மகியும் கர்தாய்ஸும் 1988-இல் விவரித்த தலையுந்தல் சோதனை இது. வலப்பக்கத் தாவல், வலது உட்செவியின் கட்டளை விழிகளுக்குச் சென்றுசேரவில்லை என்பதைக் காட்டியது. கடைசியாக, கண்களை மாறி மாறி மூடித் திறந்து பார்த்ததில், எந்தக் கண்ணும் மேலோ கீழோ நகர்ந்து தன் இடத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை.

கைபேசிப் படம் எழுப்பிய ஐயம்

இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, வலது உட்செவி நரம்பின் அழற்சியை, அதாவது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸைச் சுட்டிக்காட்டிய வேளையில், மருமகள் முந்தைய இரவின் படத்தைக் காட்டினார். அதில் விழிகள் பார்ப்பவரின் இடப்பக்கம் துள்ளின. எதிரில் இருப்பவரை எடுத்த படம் என்று கொண்டால், அது நோயாளியின் வலப்பக்கம். காலையில் கண்டதற்கு நேர் எதிர்.

ஓர் இரவுக்குள் திசை உண்மையிலேயே மாறியிருந்தால், நியூரைட்டிஸ் என்ற முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. மெனியர் என்ற உட்செவி நோயில் திசை மாறுவதுண்டு. மூளைத்தண்டுக் கோளாறுகளையும் மறுபடி கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, பின்சுவரில் தொங்கிய நாள்காட்டியின் எழுத்துகள் தலைகீழாக அல்ல, இடவலமாகப் புரண்டு தெரிந்ததை உடனிருந்த செவிலியர் கவனித்தார். முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் அது. சில கைபேசிகள் முன்பக்கக் கேமராவின் படத்தைக் கண்ணாடியில் தெரியும் உருவமாகவே சேமித்துவிடுகின்றன. அதைத் திருத்திப் பார்த்தால் அன்றிரவும் ஆட்டம் இடநோக்கியே இருந்தது. ஐயம் தீர்ந்ததோடு, கூடுதலாக ஒன்றும் தெரிந்தது: ஊசி போடுவதற்கு முன்பு, வெளிச்சத்தில், நேர்ப்பார்வையிலேயே ஆட்டம் வலுவாக இருந்திருக்கிறது. காலையில் அது அடங்கியிருந்ததற்கு மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனே மதுரைக்குக் கொண்டுசென்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று மகன் தொலைபேசியில் வற்புறுத்தினார். தாய் கண் திறக்க முடியாமல் கிடக்கும்போது வெளிநாட்டிலிருக்கும் மகன் அவ்வாறு கேட்பதில் குறையேதுமில்லை. சர்க்கரை நோயாளி என்பதால் அவருடைய அச்சத்துக்கு மருத்துவ அடிப்படையும் இருந்தது. ஆயினும் அன்றே அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம்.

தொடர்ந்து நீடிக்கும் தலைசுற்றலில் தலையுந்தல், விழியாட்டத்தின் திசை, கண்களின் செங்குத்து விலகல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு ஹிண்ட்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வில், பக்கவாத அபாயக் காரணிகள் உள்ள 101 நோயாளிகளிடம் இம்முறை மூளைசார்ந்த காரணங்கள் அனைத்தையும் பிடித்தது. முதல் இரண்டு நாட்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யோ பக்கவாத நோயாளிகளில் 12 சதவீதத்தினரிடம் பொய்யாக இயல்பு என்று காட்டியது. இதில் புதிதாகக் கற்பவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. தலையுந்தல் சோதனையில் குறை தெரிந்தால் அது நல்ல செய்தி. கடுமையான சுழற்சியுடன் வருபவரிடம் அந்தச் சோதனை இயல்பாக இருந்தால்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் அப்போது உட்செவி நலமாக இருக்கிறது, கோளாறு மூளையில் இருக்கிறது என்று பொருள்படும்.

இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. அந்த ஆய்வில் சோதித்தவர்கள் இத்துறையில் நன்கு பயின்றவர்கள். பயிற்சியில்லாத கைகளில் அதே துல்லியம் கிடைப்பதில்லை. மேலும், உட்செவிக்கும் சிறுமூளையின் ஒரு பகுதிக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் முன்கீழ்ச் சிறுமூளைத் தமனி அடைபட்டால், தலையுந்தலில் குறை தெரிந்தும் காரணம் பக்கவாதமாக இருக்கலாம். அதில் பெரும்பாலும் செவித்திறனும் திடீரெனக் குறையும். இவருடைய செவித்திறன் குறையவில்லை என்பதை அதனால்தான் தனியே உறுதிசெய்தோம்.

எனவே, வார்டில் வைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே சோதனைகளைச் செய்வது, விழியாட்டம் பார்வையுடன் திசை மாறினாலோ, உட்கார முடியாமல் போனாலோ, புதிதாகத் தலைவலியோ பேச்சுக் குழறலோ காதுகேளாமையோ வந்தாலோ உடனே மதுரைக்கு அனுப்புவது, எதுவும் மாறாவிட்டால் மூன்றாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுப்பது என்று குடும்பத்தாருடன் பேசி முடிவு செய்தோம். விழிகள் ஏன் வலப்பக்கம் நழுவுகின்றன என்று மருமகள் கேட்டதற்கு, இரட்டை மாட்டு வண்டியில் வலது மாடு தளர்ந்தால் வண்டி வலப்பக்கம் ஒதுங்குவதையும், ஓட்டுபவர் அதை அடிக்கடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதையும் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். இரு உட்செவிகளும் ஓய்விலும் ஓயாமல் குறிப்பு அனுப்பிக்கொண்டிருப்பவை. ஒன்று ஓய்ந்தால் தலை மறுபக்கம் திரும்புவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

ஸ்டீராய்டு கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. 2004-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு உட்செவியின் செயலை மீட்க உதவியது தெரியவந்தது. ஆனால் நோயாளி உணரும் தொல்லை நெடுநாள் நோக்கில் அதனால் குறைகிறதா என்பதற்கு அத்தனை உறுதியான சான்றில்லை. 290 அளவில் சர்க்கரை நிற்கும் ஒருவருக்கு, சர்க்கரையை மேலும் ஏற்றும் அந்த மருந்தைக் கொடுப்பதால் வரும் கேடு, கிடைக்கக்கூடிய நன்மையை விட நிச்சயமானதாகத் தோன்றியதால் தவிர்த்தோம். இதில் வேறு மருத்துவர் வேறு முடிவு எடுத்திருந்தாலும் நான் குறைசொல்ல மாட்டேன்.

தலைசுற்றலை அடக்கும் மருந்தை இரண்டு நாட்களோடு நிறுத்தினோம். இம்மருந்துகள் நீடித்தால், இழந்த சமநிலையை ஈடுசெய்யக் கற்றுக்கொள்ளும் மூளையின் வேலையையும் சேர்த்து மட்டுப்படுத்திவிடும். நம் பகுதியில் இத்தகைய மாத்திரைகளை மாதக்கணக்கில், ஒரே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி விழுங்குபவர்கள் ஏராளம்.

அடுத்த நான்கு வாரங்கள்

விழியாட்டத்தின் திசை மாறவே இல்லை. மூன்றாம் நாள் மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அடைப்பு ஏதுமில்லை. நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுவரில் ஒட்டிய ஓர் எழுத்திலிருந்து பார்வையை விலக்காமல் தலையை இருபுறமும் திருப்பும் பயிற்சியையும், தலையைத் திருப்பியபடி நடக்கும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். எண்ணெய்ச் சட்டியருகே செல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். பலகார வீட்டை நடத்தும் ஆச்சி அதைப் புரிந்துகொண்டு, மூன்றாம் வாரத்திலிருந்து உட்கார்ந்தபடி கைமுறுக்குச் சுற்றும் வேலையைக் கொடுத்தார்.

ஐந்தாம் வாரம்: இரண்டாம் தலைசுற்றல்

ஐந்தாம் வாரத்தில் அவர் கழுத்துப் பட்டையுடன் வந்தார். “பழைய வியாதியே திரும்பிருச்சு டாக்டர்” என்றார். மூன்று நாட்களாகப் பழைய மாத்திரைகளையும் எடுத்து விழுங்கியிருந்தார்.

விவரம் கேட்டபோது கதை வேறாக இருந்தது. முதல் முறை சுழற்சி நாள்முழுதும் நீடித்தது. இம்முறை வலப்பக்கம் புரண்டு படுக்கும்போதும், குனிந்து தட்டை எடுக்கும்போதும் மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றது. இடையில் எந்தத் தொல்லையும் இல்லை. ஹிண்ட்ஸ் முறைக்கு இங்கே இடமில்லை. தொடர்ந்து சுற்றாத ஒருவரிடம் அதைச் செய்து முடிவெடுப்பது தவறான வழிக்கே இட்டுச்செல்லும்.

கழுத்து அசைவுகளில் தடையில்லை என்று பார்த்துக்கொண்டு, டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-இல் விவரித்த படுக்கைச் சோதனையைச் செய்தோம். அதற்கு முன் உட்கார்ந்த நிலையில் ஃப்ரென்சல் கண்ணாடி வழியாகப் பார்த்ததில், பழைய இடநோக்கு ஆட்டம் மிக மெலிதாக இன்னும் மீந்திருந்தது. இதைக் குறித்துக்கொள்ளாமல் படுக்க வைத்திருந்தால், படுக்கையில் தெரிவதில் எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும்.

தலையை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தபோது அந்தப் பழைய மெல்லிய ஆட்டம் மட்டுமே தெரிந்தது. தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி படுக்க வைத்தபோது, சில நொடிகள் எதுவும் நிகழவில்லை. பிறகு விழிகள் மேல்நோக்கித் துள்ளத் தொடங்கின. அதனுடன் மேல்விளிம்பு வலது காதை, அதாவது கீழே இருந்த காதை நோக்கித் திருகியது. வேகம் ஏறி, தணிந்து, அரை நிமிடத்துக்குள் அடங்கியது. எழுப்பி உட்கார வைத்தபோது எதிர்த்திசையில் சிறிது துள்ளியது. மறுபடி படுக்க வைத்தபோது முன்னைவிடக் குறைவாகவே வந்தது. தாமதம், குறுகிய நேரம், எதிர்த்திசைத் திருப்பம், தளர்ச்சி ஆகிய நான்கும் சேர்ந்தால், தலையின் திருப்பத்தை உணரும் உட்செவிக் குழாய்களில் ஒன்றான வலது பின்புற அரைவட்டக் குழாய்க்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் நழுவி விழுந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. தாமதமின்றித் தொடங்கி, படுத்திருக்கும்வரை ஓயாமல், திருகலின்றிக் கீழ்நோக்கி மட்டும் துள்ளியிருந்தால், அன்றே அவரை மீண்டும் மதுரைக்கு அனுப்பியிருப்போம்.

நரம்பு செயலிழந்த அதே காதில் இது எப்படி வந்தது? உட்செவியின் சமநிலை நரம்புக்கு இரண்டு கிளைகள் உண்டு. மேல்கிளை, கிடைக்குழாய்க்கும் முன்புறக் குழாய்க்கும் யூட்ரிக்கிள் என்ற பைக்கும் செல்கிறது; கீழ்க்கிளை, பின்புறக் குழாய்க்கும் சாக்யூல் என்ற பைக்கும் செல்கிறது. நியூரைட்டிஸ் பெரும்பாலும் மேல்கிளையையே தாக்குகிறது. யூட்ரிக்கிளில் பதிந்திருக்கும் துகள்கள் அதன்பின் கழன்று பின்புறக் குழாய்க்குள் விழலாம். அந்தக் குழாயின் நரம்பு உயிரோடு இருப்பதால்தான் அவற்றின் அசைவை அது மூளைக்குச் சொல்கிறது. இரண்டு கிளைகளும் செத்திருந்தால் இந்த இரண்டாம் தலைசுற்றல் வந்தே இருக்காது. தலையுந்தலில் வலது கிடைக்குழாய் இன்னும் தவறியது, படுக்கைச் சோதனையில் வலது பின்புறக் குழாய் துள்ளியது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, எந்தக் கிளை பழுது, எந்தக் கிளை நலம் என்பதை விழிகளே பிரித்துக் காட்டின. இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது இதுதான்.

அங்கேயே எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, துகள்களை யூட்ரிக்கிளுக்குத் திரும்பச் செய்தோம். இரண்டாம் முறை செய்த பின் வலப்பக்கம் படுக்க வைத்தும் மேல்நோக்கிய ஆட்டம் எழவில்லை. மாத்திரைகளை நிறுத்தச் சொன்னோம். பட்டையைக் கழற்றச் சொன்னபோதுதான் அவர் தயங்கினார்; தலைசுற்றல் கழுத்திலிருந்து வருகிறது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்ததை மருமகள் கைபேசியில் எடுத்திருந்தார். முதல் படுக்கையில் விழிகள் துள்ளுவதையும், கடைசிப் படுக்கையில் துள்ளாததையும் காட்டிய பிறகே கழற்றினார்.

விளைவு

ஒரு வாரம் கழித்துச் செய்த சோதனையில் துகள் விழியாட்டம் இல்லை. மூன்று மாதங்களில் கண்ணாடி வழியாகவும் இடநோக்கு ஆட்டம் தெரியவில்லை. வலப்பக்கத் தலையுந்தலில் சிறு தாவல் மட்டும் மிஞ்சியிருந்தது. அவருக்கு அது உணர்வில் தெரியவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பகல் வெளிச்சத்தில், அருகில் இன்னொருவர் இருக்கும்போது எண்ணெய்ச் சட்டியருகே நிற்க இசைவளித்தோம். இருட்டில் நடக்கும்போது மட்டும் வலப்பக்கம் சற்று இழுப்பதாகச் சொல்கிறார். இரவில் வெளியே செல்லும் வழியில் விளக்கு போட்டிருக்கிறார்கள். துகள்கள் மீண்டும் நழுவக்கூடும் என்பதையும் சொல்லியிருக்கிறோம்.

இனி மாறுபவை

நியூரைட்டிஸ் நோயாளிகளுக்குக் கொடுக்கும் வீடு திரும்பும் சீட்டில், பின்னர் படுக்கும்போதோ புரளும்போதோ குறுகிய சுழற்சி வரலாம், அது பழைய நோயின் திரும்புகை அன்று, மாத்திரை எடுக்காமல் நேரே வர வேண்டும் என்ற வரி சேர்க்கப்பட்டுள்ளது. அந்த வரி இருந்திருந்தால் இவர் பட்டையையும் பழைய மாத்திரைகளையும் எடுத்திருக்க மாட்டார்.

தலைசுற்றும்போதே கண்களைப் படமெடுத்து வரும்படி இப்போது குடும்பத்தாரிடம் கேட்கிறோம்: பின்பக்கக் கேமராவில், நல்ல வெளிச்சத்தில், நேராகவும் இடமும் வலமும் பார்க்கச் சொல்லி எடுக்க வேண்டும், நோயாளியின் வலது கன்னத்தருகே “வலது” என்று எழுதிய தாளைப் பிடிக்க வேண்டும். எழுத்து புரண்டிருந்தால் படமும் புரண்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எங்கள் குறிப்பேட்டில் “விழியாட்டம் உண்டு” என்று மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். திசை, எந்தப் பார்வையில், வெளிச்சத்திலா கண்ணாடியுடனா, அதற்கு முன் என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது ஆகியவற்றை எழுதுகிறோம். மேற்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்திலும் இவை இடம்பெறும். இரவுப் பணி அறைக்கும் ஒரு ஃப்ரென்சல் கண்ணாடி கேட்டிருக்கிறோம். அது வரும்வரை, இரவுப் பணியில் இருப்பவர்கள் வெள்ளைத்தாள் ஒன்றை நோயாளியின் கண்களுக்கு மிக அருகில் பிடித்து, உற்றுநோக்க எதுவும் இல்லாமல் செய்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து விழிகளைப் பார்க்கிறார்கள்.